நான்கு மாலைகள், நான்கு சீட்டுகள்: ஜனாதிபதி விவாதங்களைப் பார்த்துத் தீர்ப்பிடும் அமர்வு பற்றிய மதிப்புரை

திரையில் வெளிச்சம் வருவதற்கு முன்னரே ஒவ்வொருவர் கையிலும் உள்ளங்கை அளவான வெள்ளைச் சீட்டொன்றும் பாதியாக வெட்டிய பென்சிலொன்றும் தரப்பட்டன. சீட்டில் மூன்றே கேள்விகள். இந்த விவாதத்தில் யார் சிறப்பாகச் செய்தார்? நீங்கள் அந்த நாட்டு வாக்காளராக இருந்தால் யாருக்கு வாக்களித்திருப்பீர்கள்? உங்கள் முடிவுக்கு ஒரேயொரு காரணம் என்ன? விவாதம் முடிந்ததும் பக்கத்தில் இருப்பவருடன் ஒரு சொல்லும் பேசாமல் அதை நிரப்பி, வாசலில் மேசையில் வைத்திருந்த பிஸ்கற் ரின்னுக்குள் போட வேண்டும். அதன் பிறகுதான் தேநீர், வடை, கதை எல்லாம். சீட்டில் பெயர் கிடையாது. முதல் நாள் நமக்குத் தந்த இலக்கத்தை மட்டும் மூலையில் எழுத வேண்டும். நான்காவது மாலை முடிவில் அவரவர் சீட்டுகளை அவரவரிடமே திருப்பித் தந்தார்கள். என்னுடைய நான்கும் இப்போது என் மேசையில் இருக்கின்றன. அவற்றை வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

இந்த அமர்வை நடத்துபவர்கள் மூன்று இளைஞர்கள். அவர்களுள் இருவர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் படித்து முடித்தவர்கள். மற்றவர் ஒலிபெருக்கி வாடகைத் தொழில் செய்பவர். தங்கள் முயற்சிக்கு அவர்கள் இன்னும் ஒரு பெயர் வைக்கவில்லை. எந்த வாசிகசாலை அழைத்தாலும் புரொஜெக்டர், வெள்ளைத் திரை, இரண்டு ஒலிபெருக்கிகள், சீட்டுக் கட்டு ஆகியவற்றுடன் வருகிறார்கள். மண்டபமும் கதிரைகளும் அழைப்பவருடைய பொறுப்பு. கோண்டாவிலில், பலாலி வீதியிலிருந்து உள்ளே திரும்பும் ஒழுங்கையொன்றில் உள்ள எங்கள் சனசமூக நிலையத்தில், தொடர்ந்து நான்கு சனிக்கிழமைகள் மாலை 5 மணி முதல் 8 மணி வரை இது நடைபெற்றது. நான்கு மாலைக்கும் சேர்த்து ஆளுக்கு 800 ரூபா, உயர்தர மாணவர்களுக்குப் பாதிக் கட்டணம். கொடுத்த பணத்துக்கு நிறைவாகக் கிடைத்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குறைகளும் இருந்தன, அவற்றுள் ஒன்று சிறியதல்ல.

நான் 31 வருடங்கள் தமிழ் கற்பித்தவள். தமிழ்மொழித்தினப் போட்டிகளுக்கு விவாத அணிகளைப் பழக்கியிருக்கிறேன்; நடுவராகவும் இருந்திருக்கிறேன். பொருள், தர்க்கம், எதிர்வாதம், மொழிநடை, நேரக் கட்டுப்பாடு என்று கட்டம் போட்ட புள்ளித்தாளில் எண்களை இட்டு, கூட்டி, வெற்றியாளரை அறிவிப்பது எனக்குப் பழகிய வேலை. ஆனால் வாக்காளர் கையில் புள்ளித்தாள் இல்லை. அவர் எதைப் பார்க்கிறார், எதைக் கேட்கிறார், எந்த நிமிடத்தில் மனம் சாய்கிறது, சாய்ந்த மனத்துக்குப் பிறகு எப்படிக் காரணம் தேடுகிறார் என்பவற்றை அறிய வேண்டும் என்ற ஆவலோடுதான் இலக்கச் சீட்டை வாங்கினேன்.

முதல் மாலைக்கு 1960 செப்டெம்பர் 26 ஆம் திகதி சிக்காகோவில் நடைபெற்ற கென்னடி–நிக்சன் விவாதத்தை எடுத்திருந்தார்கள். அமெரிக்காவில் இரு பிரதான கட்சிகளின் ஜனாதிபதி வேட்பாளர்கள் தொலைக்காட்சியில் நேருக்கு நேர் நின்ற முதலாவது விவாதம் அது; ஆறு கோடிக்கு மேற்பட்டோர் பார்த்தது. இளைஞர்கள் செய்த ஏற்பாடு நேர்த்தியானது. இலக்கம் ஒற்றைப்படையாக உள்ளவர்கள் மண்டபத்தில் திரைக்கு முன்னால் இருந்தோம். இரட்டைப்படையாக உள்ளவர்களை வெளித் திண்ணையில் இருத்தி, ஒலியை மட்டும் கேட்கச் செய்தார்கள். இடையில் இருந்த கதவுக்குப் பழைய போர்வையொன்றைத் திரைச்சீலையாகத் தொங்கவிட்டிருந்தார்கள்.

மண்டபத்தில் இருந்த நான் கண்டது இதுதான். கென்னடி கறுப்பாகத் தெரியும் கோட்டோடு, பின்சுவரிலிருந்து வெட்டி எடுத்து வைத்ததுபோல நின்றார். நிக்சனின் வெளிர்ந்த கோட்டு சுவரின் நிறத்தோடு கரைந்துவிட்டது. முழங்காலில் ஏற்பட்ட தொற்று காரணமாக அவர் ஓகஸ்ட் கடைசியில் மருத்துவமனையில் கிடந்து மெலிந்திருந்தார் என்பதும், அன்று மாலை காரிலிருந்து இறங்கும்போது அதே முழங்காலை மறுபடியும் இடித்துக்கொண்டார் என்பதும் பிறகு சொல்லப்பட்ட செய்திகள். அப்போது எனக்கு அவை தெரியாது. தெரிந்ததெல்லாம் உடம்பின் பாரத்தை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாற்றி மாற்றி நின்ற ஒரு மனிதரும், அவருடைய மேலுதட்டிலும் நாடியிலும் மினுங்கிய வியர்வையும்தான். கென்னடி பேசும்போது கமராவைப் பார்த்தார். அதாவது என்னைப் பார்த்தார். நிக்சன் பெரும்பாலும் கேள்வி கேட்ட நிருபர்களையும் எதிராளியையும் பார்த்தார். வேளாண்மை, பாடசாலைகள், மூத்தோருக்கான மருத்துவம் பற்றி இருவரும் சொன்னவற்றை மொழிபெயர்ப்பில் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். ஆனாலும் முதல் மாலைச் சீட்டில் காரணம் என்ற இடத்தில் என் கையெழுத்தில் இருப்பது 'நிமிர்ந்து நின்றார்' என்பதுதான்.

சீட்டுகளை எண்ணியபோது மண்டபம் பெருமளவு கென்னடி பக்கமும் திண்ணை சற்றே நிக்சன் பக்கமும் சாய்ந்திருந்தன. வானொலியில் கேட்டவர்கள் நிக்சனையும் தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் கென்னடியையும் வெற்றியாளராகக் கருதினார்கள் என்று 60 வருடங்களுக்கும் மேலாகச் சொல்லப்பட்டுவரும் கதையை நம் வாசிகசாலையே மெய்ப்பித்துவிட்டது என்று பலர் மகிழ்ந்தார்கள். இளைஞர்கள் அந்த மகிழ்ச்சியோடு எங்களை வீட்டுக்கு அனுப்பியிருக்கலாம், அப்படிச் செய்யவில்லை. அந்தப் பழைய கதைக்கு ஆதாரமான கருத்துக்கணிப்பில் வானொலி கேட்டவர்களின் தொகை மிகச் சிறியது என்பதையும், அக்காலத்தில் வானொலியை நம்பி இருந்தவர்களுள் பலர் கென்னடியின் கத்தோலிக்க மதம் காரணமாக முன்னரே அவருக்கு எதிரான மனநிலை கொண்ட கிராமப்புறத்தவராக இருந்திருக்கலாம் என்பதையும், 1987 இல் இரு ஆய்வாளர்கள் இக்கதையை வலுவாகக் கேள்விக்குட்படுத்தினார்கள் என்பதையும் எடுத்துச் சொன்னார்கள். அதன் பின்னர், 2003 இல் ஜேம்ஸ் ட்ரக்மன் என்னும் ஆய்வாளர் அந்த விவாதத்தை முன்பின் அறியாத 171 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குக் காட்சியோடும் மறு பிரிவுக்கு ஒலியை மட்டும் கொடுத்தும் சோதித்தபோது, காட்சியைக் கண்டவர்களே கென்னடியை வெற்றியாளராகக் கூடுதலாகக் கருதினார்கள் என்பதையும் விளக்கினார்கள். கதை பலவீனமானதாக இருந்தாலும் அதனுள் இருந்த ஐயம் பொய்யல்ல என்பதை இந்த ஒழுங்கில் கேட்டபோது, நல்ல வகுப்பொன்றில் இருந்த நிறைவு எனக்கு ஏற்பட்டது.

முதல் மாலையின் பெருங்குறை மொழிபெயர்ப்பு. ஆங்கில ஒலியைத் தணித்துவிட்டு, ஒரே மொழிபெயர்ப்பாளர் ஒலிவாங்கியில் இருவருக்கும் பேசினார். வானொலி அறிவிப்பாளருக்குரிய கனத்த, நிதானமான குரல் அவருக்கு. அந்தக் குரல் நிக்சனுக்குப் பொருந்தியது. கென்னடியின் வேகத்துக்குப் பொருந்தவில்லை. திண்ணையில் இருந்தவர்கள் கேட்டதும் எடைபோட்டதும் அந்த மொழிபெயர்ப்பாளரைத்தான் என்றே நினைக்கிறேன். ஆகவே எங்கள் திண்ணையின் தீர்ப்பை நான் ஏற்றுக்கொள்ளவில்லை; அதை அன்று இரவே அவர்களிடம் சொன்னேன். அடுத்த சனிக்கிழமை இரண்டு ஒலிவாங்கிகளும் இரண்டு குரல்களும் வந்திருந்தன. சொன்னதைக் கேட்டுத் திருத்திக்கொள்ளும் பண்பு இளையவர்களிடம் இருப்பதைக் காண மனம் நிறைந்தது.

இரண்டாவது மாலைதான் நான்கிலும் மிகச் சிறந்தது. அன்று 1984 ஒக்டோபர் 21 இல் கன்சாஸ் சிற்றியில் ரீகனும் மொண்டேலும் நடத்திய விவாதத்தின் ஒரு பகுதியை முதலில் காட்டினார்கள். இரண்டு கிழமைகளுக்கு முன் நடந்த முந்திய விவாதத்தில் ரீகன் களைத்தும் தடுமாறியும் தோன்றியதால், 73 வயதான ஜனாதிபதிக்கு இன்னும் நான்கு வருடங்கள் தாங்குமா என்பதே நாட்டின் பேச்சாக இருந்தது. கியூபா ஏவுகணை நெருக்கடியின்போது கென்னடி நாட்கணக்கில் சரியான தூக்கமில்லாமல் இருந்ததை நினைவூட்டி, உங்களால் அது இயலுமா என்று நிருபர் ஒருவர் கேட்கிறார். இந்தத் தேர்தலில் வயதை ஒரு விடயமாக்க மாட்டேன், என் எதிராளியின் இளமையையும் அனுபவமின்மையையும் அரசியல் இலாபத்துக்காகப் பயன்படுத்தப் போவதில்லை என்கிறார் ரீகன். மொண்டேலுக்கு அப்போது வயது 56.

அந்த நொடியில் எங்கள் மண்டபத்தில் நடந்ததை நான் மறக்கமாட்டேன். திரையில் கன்சாஸ் சிற்றி மண்டபம் வெடித்துச் சிரித்தது. மொழிபெயர்ப்பாளர் இன்னும் 'என் எதிராளியின்' என்ற சொல்லிலேயே நின்றார். ஆனால் எங்கள் மண்டபமும் சிரித்துவிட்டது. எனக்குப் பக்கத்தில் இருந்த, எண்பதை அண்மித்த அம்மா ஒருவர் கண்ணில் நீர் வரச் சிரித்து முடித்துவிட்டு, என் கையைத் தொட்டு, "என்னவாம் ரீச்சர்?" என்று கேட்டார். நான் அவருக்கு விளக்கிச் சொன்னேன். கேட்டுத் தலையாட்டினாரே தவிர, இரண்டாவது முறை அவர் சிரிக்கவில்லை.

கேள்விக்கான பதில் அதில் எங்கே இருக்கிறது என்று யாராவது கேட்டார்களா? கேட்கப்பட்டது ஒரு மனிதரின் உடல் தாங்குமா என்பது. கிடைத்தது ஒரு நல்ல சிரிப்பு. அதைக் குறை சொல்வதற்காக எழுதவில்லை. நெருக்கடியான கேள்வியின் முன் நிதானம் இழக்காமல் இருப்பதும் ஒரு தலைவரிடம் எதிர்பார்க்க வேண்டிய குணம்தான். ரீகனின் அந்த வரியில் மக்கள் அதைக் கண்டிருக்கலாம். மொண்டேலே சிரித்தார். தன் தேர்தல் அந்த இரவோடு முடிந்துவிட்டதை அப்போதே உணர்ந்ததாகப் பிற்காலத்தில் நேர்காணலொன்றில் சொல்லியிருக்கிறார். ரீகன் 50 மாநிலங்களுள் 49 இல் வென்றார். ஆனால் இளைஞர்கள் அதன் பிறகு எடுத்துச் சொன்ன ஆய்வுதான் என்னை நெடுநேரம் சிந்திக்க வைத்தது. இதே விவாதத்தை ஆய்வாளர்கள் வெவ்வேறு விதமாக வெட்டிக் காட்டிச் சோதித்திருக்கிறார்கள். 2007 இல் வெளியான அந்த ஆய்வில், ரீகனின் நகைச்சுவை வரிகளை அப்படியே விட்டு, மண்டபத்தின் சிரிப்பையும் கைதட்டலையும் மட்டும் நீக்கியபோது, பார்த்தவர்கள் அவருக்கு இட்ட மதிப்பு பெரிதும் இறங்கியது. அதாவது வரி மட்டும் வேலை செய்யவில்லை. வரிக்குக் கிடைத்த சிரிப்பே வேலை செய்தது. பாடசாலை விவாதங்களில் சபையினர் இடையில் கைதட்டக் கூடாது என்று நாங்கள் அறிவித்துவிட்டுத் தொடங்குவது வெறும் ஒழுங்குக்காக என்றே இத்தனை காலமும் எண்ணியிருந்தேன்.

அன்று மாலையின் இரண்டாவது பகுதி 1976 ஒக்டோபர் 6 ஆம் திகதி சான் பிரான்சிஸ்கோவில் ஜனாதிபதி போர்ட்டும் ஜிம்மி கார்ட்டரும் நடத்திய விவாதம். கிழக்கு ஐரோப்பாவில் சோவியத் ஆதிக்கம் இல்லை, தன் ஆட்சியில் ஒருபோதும் இருக்கவும் மாட்டாது என்று போர்ட் சொன்னது இதில்தான். கேள்வி கேட்ட பத்திரிகையாளரே நம்ப முடியாமல் மறுபடியும் கேட்டார்; போர்ட் பின்வாங்காமல் யூகோஸ்லாவியா, ருமேனியா, போலந்து என்று பெயர்களை அடுக்கினார். நான் அன்று சீட்டில் போர்ட் சிறப்பாகச் செய்தார் என்று எழுதினேன். காரணம்: 'தகவல் அறிந்தவர் போலப் பேசினார்'. மண்டபத்திலும் கணிசமானோர் அப்படித்தான் எழுதியிருந்தார்கள்.

இந்த இடத்தில் அவர்கள் எதையும் விளக்கவில்லை. விவாதத்துக்கு மறுநாள் வந்த செய்திகள் அந்த ஒரு வாக்கியத்தை எப்படி எடுத்துப் பேசின என்பதைத் தமிழில் சுருக்கி, நான்கு பக்கப் பிரதியாக எங்கள் கையில் தந்து, வீட்டில் வாசித்துவிட்டு வாருங்கள் என்று மட்டும் சொன்னார்கள். அடுத்த சனிக்கிழமை, முதல் வேலையாக அதே விவாதத்துக்கு இரண்டாவது சீட்டு. நான் கார்ட்டர் என்று எழுதினேன். காரணம்: 'போர்ட் பெரிய பிழை விட்டார்'. எழுதி முடித்து ரின்னில் போட்ட பிறகுதான் ஒரு விடயம் உறைத்தது. அந்த வாக்கியத்தை நான் முதல் நாளே என் காதால் கேட்டிருந்தேன். கேட்டபோது அது எனக்குப் பிழையாகப்படவில்லை. கிழமை முழுவதும் நான் விவாதத்தை மறுபடியும் பார்க்கவில்லை. அதைப் பற்றிய செய்தியை வாசித்தேன், மதிய வேளையில் அயலவருடன் கதைத்தேன், என் நினைவு திருத்தப்பட்டுவிட்டது. ஆனாலும், என் தீர்ப்பை நான் மாற்றிக்கொண்டதாக எனக்குத் தோன்றவேயில்லை. ஆரம்பத்திலிருந்தே அப்படித்தான் நினைத்ததாகத் தோன்றியது.

அமெரிக்காவிலும் இதுவே நடந்தது என்று பிறகு விளக்கினார்கள். போர்ட்டின் சொந்தக் கருத்துக்கணிப்பாளர்கள் விவாதம் முடிந்த அன்றிரவே மக்களிடம் கேட்டபோது போர்ட் முன்னிலையில் இருந்தார். கிழக்கு ஐரோப்பா பற்றி எவரும் பெரிதாகக் குறிப்பிடவில்லை. மறுநாள் முழுவதும் ஊடகங்கள் அதையே பேசிய பின் மாலையில் கேட்கப்பட்டவர்கள் பெருவாரியாகக் கார்ட்டரே வென்றார் என்றார்கள்; போர்ட்டின் அந்த வாக்கியமே காரணமாகவும் சொல்லப்பட்டது. ஊடகங்கள் செய்தது தவறு என்று நான் சொல்ல வரவில்லை. போலந்து அப்போது சோவியத் பிடியில் இருந்தது என்பது சாதாரண வாக்காளருக்கு உடனே பிடிபடாமல் இருக்கலாம். விளங்கியவர் விளக்கிச் சொல்வது தேவையானது. ஆனால் பார்த்ததன் தீர்ப்பு எது, கேள்விப்பட்டதன் தீர்ப்பு எது என்று பிரித்தறிய ஒரு வழி வேண்டும் அல்லவா? பென்சிலால் எழுதிய அந்தச் சிறு சீட்டு எனக்கு அந்த வழியைக் காட்டியது. இந்தச் சேவையின் உயிர் அதில்தான் இருக்கிறது. மற்ற எல்லாவற்றையும் குறைத்தாலும், பேசுவதற்கு முன் எழுதச் செய்யும் இந்த முறையை அவர்கள் ஒருபோதும் கைவிடக் கூடாது.

மூன்றாவது மாலையில் அளவுக்கு அதிகமாகத் திணித்துவிட்டார்கள். 1992 இல் தந்தை புஷ் கைக்கடிகாரத்தைப் பார்த்தது, 2000 இல் அல் கோர் எதிராளி பேசும்போது பெருமூச்சு விட்டது, 2012 இல் டென்வரில் ஒபாமா சோர்ந்து நின்றது, 2016, 2024 என்று துண்டு துண்டாக ஓடியதால் எதிலும் ஊன்றி நிற்க முடியவில்லை. துண்டைக் காட்டித் தீர்ப்புக் கேட்பது, எந்தப் பழக்கத்தைப் பற்றி நமக்கு எச்சரிக்கிறார்களோ அதையே நமக்குப் பழக்குவதாகும். இரண்டு விவாதங்களை முழுமையாகக் காட்டியிருந்தால் போதும்.

ஆயினும் அன்று பெற்ற ஒரு தெளிவு முக்கியமானது. சீட்டில் முதற் கேள்வியையும் இரண்டாவது கேள்வியையும் ஏன் பிரித்து வைத்தார்கள் என்பது அன்றுதான் விளங்கியது. 2012 டென்வர் விவாதத்தைப் பார்த்தவர்களிடம் சீஎன்என் எடுத்த கணிப்பில் 67 வீதத்தினர் ரொம்னி வென்றார் என்றும் 25 வீதத்தினரே ஒபாமா வென்றார் என்றும் சொன்னார்கள். தேர்தலில் ஒபாமா வென்றார். 2016 இன் முதல் விவாதத்தில் ஹிலாரி கிளின்டனுக்கு 62, ட்ரம்புக்கு 27, ஜனாதிபதியானவர் ட்ரம்ப். 2024 செப்டெம்பர் 10 இல் பிலடெல்பியாவில் கமலா ஹாரிசுக்கு 63, ட்ரம்புக்கு 37; அதன் பிறகும் ட்ரம்பே வென்றார். நன்றாகப் பேசினார் என்று ஒருவரைப் பாராட்டும் வாய்க்கும் வாக்குச் சீட்டில் அடையாளமிடும் கைக்கும் இடையே பெரிய தூரம் இருக்கிறது. 10 நாடுகளில் 1952 முதல் நடந்த 62 தேர்தல்களின் தரவுகளை ஆராய்ந்து 2023 இல் வெளியான ஓர் ஆய்வும், கடைசி இரண்டு மாதங்களில் 17 முதல் 29 வீதமான வாக்காளர்கள் முடிவெடுக்கிறார்கள் என்றாலும், அம்முடிவில் தொலைக்காட்சி விவாதங்களின் தாக்கம் எதையும் காண முடியவில்லை என்கிறது.

அப்படியானால் விவாதங்கள் வீண் என்று எழுந்து சொன்ன உயர்தர மாணவனுக்கு, 2024 ஜூன் 27 அட்லாண்டா விவாதத்தின் பகுதி பதிலாகக் காட்டப்பட்டது. மண்டபத்தில் பார்வையாளர் இல்லை. ஒருவர் பேசும்போது மற்றவருடைய ஒலிவாங்கி அடைக்கப்பட்டிருந்தது. சிரிப்பும் கைதட்டலும் துணைக்கு வரவில்லை. 81 வயதான ஜனாதிபதி பைடன் வாக்கியத்தின் நடுவே தொடர்பை இழந்து நின்றார். இந்த இடத்தில் மொழிபெயர்ப்பைச் செய்த இளம்பெண்ணைப் பாராட்டியே ஆக வேண்டும். போர்ட்டின் தடுமாற்றங்களை முந்திய கிழமை ஆண் குரல் செப்பமாக்கிச் சொல்லிவிட்டது. இவர் அப்படிச் செய்யவில்லை. பைடன் நின்ற இடத்தில் தானும் நின்றார். அவர் பாதியில் விட்ட வாக்கியத்தைத் தானும் பாதியில் விட்டார். அமைதியை அமைதியாகவே விட்டார். அந்தச் சில நொடிகள் மண்டபத்தில் மின்விசிறியின் ஓசை மட்டும் கேட்டது. ஜூலை 21 இல் பைடன் போட்டியிலிருந்து விலகினார். வாக்காளரின் கை அசையாவிட்டாலும், கட்சியின் கை அசைந்தது. விவாதம் சில வேளைகளில் வாக்குச்சாவடிக்கு வெகு முன்னரே, வேறொரு வாசலில் தன் வேலையைச் செய்துவிடுகிறது என்பதை அந்த மாணவனுக்கு விளக்கிய விதம் எனக்குப் பிடித்திருந்தது.

நான்காவது மாலை நம்முடைய நாட்டுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. 1982 முதல் நாம் நிறைவேற்று ஜனாதிபதியைத் தேர்ந்தெடுத்து வருகிறோம். ஆயினும் முன்னணி வேட்பாளர்கள் நேருக்கு நேர் நின்று வாதிடும் வழக்கம் இங்கே வேரூன்றவில்லை. 2024 இல் சஜித் பிரேமதாசவும் அநுர குமார திசாநாயக்கவும் விவாதிப்பது பற்றி இரு தரப்பும் கடிதங்களும் திகதிகளும் பரிமாறிக்கொண்டன; விவாதம் நடைபெறவில்லை. விவாதம் இல்லாத இடத்தில் எதைப் போட்டுக் காட்டுவார்கள் என்று எண்ணிக்கொண்டு போனேன். அவர்கள் எதையும் போட்டுக் காட்டவில்லை. மூன்று முன்னணி வேட்பாளர்களின் கொள்கை விளக்க ஏடுகளிலிருந்து அதிகாரப் பகிர்வு பற்றிய பகுதிகளை எடுத்து, பெயரையும் கட்சியையும் நீக்கி, அ, ஆ, இ என்று அச்சிட்டுத் தந்தார்கள். சீட்டில் 1, 2, 3 என்று விருப்பு வரிசை இட வேண்டும்.

நம் வாக்குச்சீட்டு இதற்கு இடம் தருகிறது என்பதைப் பலர் மறந்திருந்தார்கள். 38 வேட்பாளர்கள் போட்டியிட்ட 2024 தேர்தலில் எவரும் 50 வீதத்தைத் தாண்டாததால், வரலாற்றில் முதல் முறையாக இரண்டாவது, மூன்றாவது விருப்புகள் எண்ணப்பட்டன. யாழ்ப்பாண மாவட்டத்தில் சஜித் பிரேமதாச முதலிடம் பெற, தமிழ்ப் பொது வேட்பாளர் அரியநேத்திரன் சங்குச் சின்னத்தில் அவரை நெருங்கி இரண்டாம் இடத்தில் நின்றார். முதல் விருப்பை உணர்வோடு இடலாம். இரண்டாவது விருப்பை இடுவதற்கு மற்றவர்களை ஒப்பிட்டே ஆக வேண்டும். ஒப்பிடுவதற்கு அவர்கள் ஒரே கேள்விக்கு ஒரே மேடையில் பதில் சொல்லியிருக்க வேண்டும். விவாதம் நமக்கு ஏன் வேண்டும் என்பதற்கு இதைவிட வலுவான நியாயத்தை நான் கேட்டதில்லை. பெயர்கள் வெளியிடப்பட்டபோது மண்டபத்தில் எழுந்த சலசலப்பைக் கேட்டிருக்க வேண்டும். தான் 3 என்று இட்ட பகுதி யாருடையது என்று அறிந்த பெரியவர் ஒருவர் தாளை மீண்டும் வாங்கி, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு முதலிலிருந்து வாசிக்கத் தொடங்கினார்.

அந்தக் கலந்துரையாடலின்போதுதான் காங்கேசன்துறைப் பக்கத்தைச் சேர்ந்த முதியவர் ஒருவர் எழுந்து 1975 பெப்ரவரி இடைத்தேர்தலைப் பற்றிப் பேசினார். அப்போது அவர் இருபது வயது கடந்த இளைஞர். அங்கு போட்டியிட்ட தமிழ்த் தலைவர் தந்தை செல்வாவின் (எஸ். ஜே. வி. செல்வநாயகம்) குரல் நோயினால் மிகவும் நலிந்திருந்தது. மேடைக்குக் கிட்ட நின்றாலும் செவியைக் கூர்மையாக்க வேண்டியிருந்தது என்றார். எதிராக நின்ற கம்யூனிஸ்ட் கட்சி வேட்பாளர் வி. பொன்னம்பலம் கற்றவர், ஆசிரியர், மேடை அறிந்தவர். செல்வநாயகம் 16,000 க்கு மேற்பட்ட பெரும்பான்மையால் வென்றார். "சனம் பேச்சுக்கு வாக்குப் போடேல்லை, ஆளுக்குப் போட்டது" என்று சொல்லிவிட்டு அவர் இருந்தார். நாவன்மையை இவ்வளவு கொண்டாடும் ஊர் நம்முடையது. பட்டிமன்றம், வழக்காடு மன்றம், கோயில் திருவிழாவில் சொற்பொழிவு என்று செவியால் வளர்ந்தவர்கள் நாம். அப்படிப்பட்ட ஊர் கேட்க முடியாத குரலுக்கு வாக்களித்தது என்பதை அந்த மனிதரின் வாயால் கேட்டபோது, முதல் மாலையின் கறுத்தக் கோட்டும் வியர்வையும் வேறொரு எடையில் தெரிந்தன. 1960 இல் அமெரிக்கர் எடைபோட வேண்டியிருந்த இருவருள் கென்னடி பலருக்குப் புதியவர். 1975 இல் காங்கேசன்துறை முப்பது வருடங்களாக அறிந்த ஒருவரை எடைபோட்டது. ஒருவரை எவ்வளவு குறைவாக அறிந்திருக்கிறோமோ அவ்வளவுக்குத் தோற்றமும் குரலும் தீர்ப்புக்குள் நுழைகின்றன என்பது என் முடிவு. கொழும்பிலிருந்து வந்து, மேடையேறி, திரும்பிப் போகும் வேட்பாளர்களை நாம் எடைபோடும்போது இது நமக்கே மிகவும் பொருந்தும்.

அந்த மாலையின் குறையும் இங்கேதான். 2024 பிரசார மேடைகளில் பேசப்பட்ட சிங்கள உரைகளின் துண்டுகள் இரண்டைக் கடைசியில் காட்டினார்கள். ஆனால் தமிழ்க் குரல் இல்லை, திரையின் அடியில் சிறிய எழுத்தில் சுருக்கம் மட்டும். பின்வரிசையில் இருந்தவர்களால் அதை வாசிக்க முடியவில்லை. கன்சாஸ் சிற்றியிலும் அட்லாண்டாவிலும் பேசியவர்களுக்கு இரண்டு குரல்கள் கிடைத்தன. நம்மை ஆளப்போகிறவர்கள் தங்கள் பெரும்பான்மை வாக்காளரிடம் என்ன சொன்னார்கள் என்பதற்கு ஒரு குரலும் கிடைக்கவில்லை. தமிழில் நமக்குச் சொன்னதையும் சிங்களத்தில் அவர்களுக்குச் சொன்னதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்பதே நமக்கு மிகத் தேவையான விவாதம். இதை அவர்கள் திருத்தாவிட்டால் நான்காவது மாலை முழுமை பெறாது.

மற்றவை சிறிய விடயங்கள். ஒலி தெளிவாக இருந்தது. இரண்டாம் மாலை மின்சாரம் நின்றபோது பத்து நிமிடத்துக்குள் மின்பிறப்பாக்கி இயக்கப்பட்டது. 8 மணிக்குச் சரியாக முடித்தார்கள். பஸ்ஸில் போகிறவர்களுக்கு அது பெரிய உதவி. பிளாஸ்ரிக் கதிரைகளில் மூன்று மணித்தியாலம் இருப்பது முதியவர்களுக்குக் கடினம். இடையில் ஒருமுறை எழுந்து நடக்க நேரம் விட வேண்டும். நுளம்புச் சுருள் திண்ணைக்கு மட்டும் வைக்கப்பட்டது, மண்டபத்துக்கும் வேண்டும். பெண்கள் மூன்றிலொரு பங்கினரே வந்திருந்தார்கள். மாலை 5 மணி வீட்டில் அடுப்பு எரியும் நேரம் என்பதை அழைக்கும் வாசிகசாலைகள் எண்ணிப் பார்க்க வேண்டும். ஞாயிறு பிற்பகல் 2 மணிக்கு வைத்தால் இன்னும் பலர் வருவார்கள்.

அடுத்த தேர்தல் அறிவிப்பு வரும் வரை காத்திராமல், மனங்கள் ஆறியிருக்கும் காலத்திலேயே இவர்களை அழைப்பது நல்லது என்பது என் பரிந்துரை. அழைப்பவர்கள் முன்கூட்டியே மூன்று விடயங்களைக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்: மொழிபெயர்ப்புக்கு இரண்டு பேர் வருவார்களா, அவர்களுள் ஒருவர் மூன்றாவது மாலையில் பேசிய அந்தப் பெண்ணா, போர்ட்–கார்ட்டர் விவாதத்துக்கான இரண்டாவது சீட்டு உண்டா. நான்காவது மாலைக்கு, சிங்களமும் தமிழும் நன்கு அறிந்த ஒருவரை உங்கள் ஊரிலேயே தேடிப் பிடித்து ஒலிவாங்கியின் முன் இருத்துங்கள். எங்கள் நிலையத்தில் மறுமுறை நடக்கும்போது அந்த ஏற்பாட்டை நான் பொறுப்பெடுத்திருக்கிறேன்.